கிளட்ச் மாற்றியதும் கியர்பாக்ஸ் கரகரத்தால்

கோவையில் ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது கிளட்ச் போட்டு எடுத்ததும் ரிவர்ஸ் கரகரத்தது. "கியர்பாக்ஸ் முன்னாடியே போயிருச்சுங்க" என்றார் ஒர்க்‌ஷாப்காரர். உடனே கியர்பாக்ஸைக் கழற்ற விடக் கூடாது. கழற்றினால் பாதி ஆதாரம் போச்சு.

இன்ஜினை அணைத்துப் போட்டால் எல்லா கியரும் சுலபமாக விழுந்தன, இன்ஜின் ஓடும்போதுதான் முரண்டு. அப்படியென்றால் பெரும்பாலும் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை: கிளட்ச் ஆயில் லைனில் காற்று, திருப்பி மாட்டிய டிஸ்க், அல்லது மாட்டும்போது கியர்பாக்ஸ் எடையை இன்புட் ஷாஃப்ட்டில் (இன்ஜின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குள் கொண்டுபோகும் தண்டு) தொங்கவிட்டு வளைந்த டிஸ்க். டாட் 4 கிளட்ச் ஆயில் ஊற்றி, லைனிலிருந்த காற்றை வெளியேற்றியதும் (பிளீட்) ரிவர்ஸ் சரியானது.

ஓர் இரைச்சல் மட்டும் மிச்சம். பெடலை மிதித்தால் நின்றது. அது இன்புட் ஷாஃப்ட் பேரிங். (மிதிக்கும்போது வந்தால் கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங்.) வண்டியைச் சமதளத்தில் தூக்கி, கியர்பாக்ஸில் ஆயில் நிரப்பும் போல்ட்டைத் திறந்தால் விரலுக்கு ஆயில் எட்டவில்லை. ஆக்ஸில் கழற்றும்போது வடிந்தது, திரும்ப ஊற்றவில்லை. பில்லிலும் கியர் ஆயில் இல்லை! இரு தரப்பும் பார்க்க வடித்து அளந்து, போட்டோ எடுத்து, எழுதிக் கையெழுத்து வாங்கியதும் பேரிங் செலவை ஒர்க்‌ஷாப்காரரே ஏற்றார். கையேட்டில் ஜிஎல்-4 (கியர் ஆயில் தரம்) என்றிருந்தால் அதையே ஊற்றுங்க. சில ஜிஎல்-5 ஆயில் கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கும்.

ஒர்க்‌ஷாப் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 ஆண்டுக்குள் மனு, கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமில்லை. பழைய பாகங்களை விடாமல் கேட்டு வாங்கி வையுங்க.