பார்லி அவலில் கூட்டாஞ்சோறு

பார்லி அவலை அரிசி அவல் மாதிரி நினைத்துத் தண்ணீரில் அலசி நேரே தாளிப்பில் போடுகிறார்கள், அப்புறம் சவசவன்னு இருக்கு என்று டப்பாவை ஓரம் கட்டிவிடுகிறார்கள். ஆவி காட்டி உருளையில் நசுக்கிய தானியம்தான், ஆனாலும் தடிமனாக இருப்பதால் 10 முதல் 15 நிமிடமாவது கொதிக்க வேண்டும். எது செய்தாலும் முதலில் வெறும் வாணலியில் சிறு தீயில் வாசம் வரும்வரை வறுத்துவிடுங்கள், கொழகொழப்பு பாதி அடங்கிவிடும்.

உப்புமா சுமார்தான். நம்ம திருநெல்வேலிக் கூட்டாஞ்சோற்றுக்குத்தான் இது அப்படிப் பொருந்துகிறது, ஏனென்றால் அந்தச் சோறு குழைந்துதான் இருக்க வேண்டும்.

அரை தம்ளர் துவரம்பருப்பை மலர வேகவைத்து, கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், கிடைத்தால் ஒரு துண்டு மாங்காய் எல்லாம் போட்டு, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து வேகவிடுங்கள். காய் முக்கால் வேக்காடு வந்தபிறகுதான் புளிக்கரைசல், முந்தி ஊற்றினால் காய் விறைத்துக்கொள்ளும். தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு இதையெல்லாம் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்து, மூன்று தம்ளர் வெந்நீர் ஊற்றிக் கொதி வந்ததும் வறுத்த அவல் ஒரு தம்ளர். அடிப்பிடிக்கும், பக்கத்திலேயே நின்று கிளறுங்கள். அவலை விரலில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக்கூடாது, அதுதான் பதம். கடைசியில் ஒரு கை முருங்கைக்கீரை போட்டு, தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வடகம் தாளித்துக் கொட்டுங்கள். இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், ஆற ஆற இறுகும்.

இறுக வைப்பதில் மாவுச்சத்தோடு பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்துக்கும் பங்கு உண்டு. கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவுவதும் அந்த நார்ச்சத்துதான், நாளுக்கு 3 கிராம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. வெள்ளைச் சோற்றைவிடச் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், அதற்காக இரண்டு தட்டு சாப்பிடாதீர்கள். கோதுமை போலவே பார்லியிலும் குளூட்டன் உண்டு, அது ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவே வேண்டாம்.

கஞ்சி என்றால் ஒன்றுக்கு ஆறு தண்ணீர். உடன்குடிக் கருப்பட்டியைத் தனியே கரைத்து மண் போக வடிகட்டி ஊற்றுங்கள். கொதிக்கிற பாலில் கருப்பட்டி சேர்த்தால் திரிந்துபோகும், அதனால் அடுப்பை அணைத்துவிட்டுத் தேங்காய்ப்பால் சேர்ப்பதுதான் நல்லது, ருசியும் அதில்தான்.

வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள், பார்லி தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது. தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கிற ஆனி, ஆடியில் சீக்கிரம் நமத்துவிடும், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். கூட்டாஞ்சோறு மிஞ்சினால் ராத்திரி வெந்நீர் தெளித்துச் சூடாக்கினால் இளகிவிடும், தொட்டுக்கொள்ளக் கூழ்வற்றல் பொரித்துக்கொள்ளுங்கள்.