வாக்குக் கேட்டு வருபவரின் கொள்கையை வாசிப்பது எப்படி? தொழில், கல்வி, பாதீடு பற்றி முதல்முறை வாக்காளருக்கு

தேர்தல் விஞ்ஞாபனம் ஒன்றை முழுதாக வாசித்த ஆளை கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை தேடினாலும் லேசில் கிடைக்க மாட்டார். அட்டைப் படத்தைப் பார்ப்போம், வாட்ஸ்அப்பில் யாரோ வெட்டி அனுப்பிய ஒரு பக்கத்தைப் பார்ப்போம், அப்புறம் வீட்டில் வழக்கமாகப் போடும் கட்சிக்கே போட்டுவிட்டு வருவோம். இந்த முறை முதல்முதலாக வாக்களிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் போதும். மூன்றே விஷயங்களைத்தான் எடுக்கப்போகிறோம்: தொழில், கல்வி, பாதீடு (அரசின் வரவு செலவுத் திட்டம்). மற்றவை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. இந்த மூன்றில்தான் ஒருவர் சொல்வதைப் பிடித்து நிறுத்திச் சரிபார்க்க எண்களும் சட்டங்களும் இருக்கின்றன.

படி 1: எந்தக் கதிரைக்கு நிற்கிறார்?

வாக்குறுதியைப் பார்ப்பதற்கு முன் கதிரையைப் பாருங்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

பாராளுமன்றத்தில் 225 ஆசனங்கள். 196 மாவட்டங்களிலிருந்து, 29 தேசியப் பட்டியலிலிருந்து. 2024 நவம்பர் தேர்தலில் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனங்கள் இருந்தன. அந்தப் பதினெட்டில் ஒருவராக வர நினைக்கும் ஒருவர் "நான் வந்தால் எல்லாருக்கும் சம்பளத்தைக் கூட்டுவேன்" என்று மேடையில் கதைக்கிறார் என்று வையுங்கள். அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரைப்படி, அரசின் காசைச் செலவழிக்கும் அல்லது வரி போடும் சட்டமூலத்தை அமைச்சரவை அனுமதியோடு ஓர் அமைச்சர்தான் கொண்டுவர முடியும். சாதாரண எம்.பி. தன் பாட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே அவர் கூட்டப்போவதில்லை, கூட்டச் சொல்லிக் கேட்கப்போகிறார், அல்லது கூட்டுகிற கட்சிக்குக் கை தூக்கப்போகிறார். அதுவும் பெறுமதியான வேலைதான், ஆனால் கொப்பியில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மாகாண சபை என்றால் கல்விதான் பெரிய விஷயம். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சிடமும் மற்ற அரச பாடசாலைகள் மாகாணத்திடமும் இருக்கின்றன. எண்ணிக்கையில் மாகாணப் பாடசாலைகள்தான் மிக அதிகம். மேல் மாகாணத்தில் கடைசியாக மாகாண சபைத் தேர்தல் நடந்தது 2014இல். 2019இல் சபையின் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு ஆளுநர்தான். உங்கள் வீட்டுப் பிள்ளை படிக்கும் பாடசாலை எந்த வகை என்று அதிபர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள், பின்னால் உதவும்.

மாநகர சபை வேட்பாளர் குப்பை, வடிகால், சோலைவரி, வாசிகசாலை, முன்பள்ளி பற்றிக் கதைத்தால் காது கொடுங்கள். பாடத்திட்டத்தை மாற்றுவேன் என்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

படி 2: கடதாசிகளைச் சேர்ப்பது

கட்சியின் விஞ்ஞாபனத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எடுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்க எண்ணிக்கையையும் எண்களையும் ஒப்பிடலாம். ஒன்றில் தொகை இருந்து மற்றதில் இல்லையென்றால் குறித்துக்கொள்ளுங்கள். பாதீட்டு உரை நிதியமைச்சின் தளத்தில் மூன்று மொழியிலும் கிடைக்கும். ஹன்சாட், அதாவது பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவு, பாராளுமன்றத் தளத்தில் இருக்கிறது, ஆனால் பேசியவர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியில்தான் இருக்கும்.

இன்னொன்று. ஒரே ஆள் இரண்டு மேடைகளில் பேசியதை யூடியூப்பில் தேடிப் பாருங்கள்: ஒன்று தொழிலாளர் கூடிய மேடை, மற்றது வர்த்தகர்கள் கூடிய ஹோட்டல் மண்டபம். ஹட்டனில் சொன்ன சம்பளத் தொகையைக் கொள்ளுப்பிட்டியிலும் அதே வாயால் சொன்னாரா என்று பார்த்தால் அவருடைய உண்மையான நிலைப்பாடு பிடிபடும்.

படி 3: நான்கு கட்டம்

ஒரு பக்கத்தை நான்காகப் பிரியுங்கள். என்ன செய்வதாகச் சொல்கிறார், யாருடைய காசு, எப்போதிருந்து, எந்த வழியால் (புதுச் சட்டமா, வர்த்தமானியா, சுற்றறிக்கையா). பிறகு விஞ்ஞாபனத்தை எடுத்து "மேம்படுத்தப்படும்", "வலுப்படுத்தப்படும்", "விசேட கவனம் செலுத்தப்படும்" என்று முடியும் வசனங்களை எல்லாம் பென்சிலால் வெட்டிவிடுங்கள். மிஞ்சுவதுதான் கொள்கை. சில கட்சிகளுக்கு ஒரு பக்கம்கூட மிஞ்சாது, அதுவும் ஒரு தகவல்தான்.

படி 4: தொழில்

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் ஏமாறுவதற்கு இடம் அதிகம்.

முதலில் சம்பளத் தொகைகள். 2025 பாதீட்டில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆகும் என்று அறிவித்தார்கள். கழித்தால் 15,750 வரும். ஆனால் ஏற்கனவே கொடுத்துவந்த 7,500 ரூபாய் கொடுப்பனவை அடிப்படைச் சம்பளத்துக்குள் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. உண்மையில் கூடுவது 8,250. அதுவும் ஒரே மாதத்தில் வராது, 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று மூன்று கட்டம். தனியார் துறையிலும் இதே மாதிரிதான். ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 17,500இலிருந்து 27,000 ஆனது பெரிய பாய்ச்சல் போலத் தெரிந்தாலும், பழைய நிவாரணக் கொடுப்பனவுகள் 3,500ஐச் சேர்த்தால் தொடங்கிய இடம் 21,000. 2026 ஜனவரியிலிருந்து 30,000. இவற்றை நான் பொய் என்று சொல்லவில்லை, பாதீட்டு உரையிலேயே விபரம் இருந்தது. மேடைக்கு வரும்போது பெரிய எண் மட்டும்தான் வரும், சின்ன எண்ணை நாம்தான் தேட வேண்டும்.

அடுத்தது, யாருடைய காசு என்ற கட்டம். தோட்டத் தொழிலாளர் சம்பளத்தை எடுங்கள். கொழும்பில் இருக்கும் எங்களுக்கு அது தூரத்துக் கதை இல்லை. புறக்கோட்டைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்யும் எத்தனையோ பேருடைய அப்பா அம்மா மலைநாட்டில்தான் இருக்கிறார்கள். நாளுக்கு 1,000 ரூபாய் என்பது 2019 ஜனாதிபதித் தேர்தல் வாக்குறுதி. சம்பளச் சபை மூலம் வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில், அப்போதும் கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 என்று அறிவித்தார்கள், திரும்பவும் வழக்கு, கடைசியில் செப்டம்பரில் 1,350இல் நின்றது. 2026 பாதீட்டில் 1,750 என்றார்கள். அதை உடைத்துப் பார்த்தால் 1,550 கம்பனி கொடுப்பது, 200 வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் கொடுக்கும் ஊக்குவிப்பு. அரசாங்கத்தின் காசு என்றால் அடுத்த வருடப் பாதீட்டிலும் அந்த ஒதுக்கீடு இருக்க வேண்டும், கம்பனியின் காசு என்றால் வழக்கைத் தாண்ட வேண்டும். அடுத்த தேர்தலில் யாராவது 2,000 என்றோ 2,500 என்றோ சொன்னால் கேட்கவேண்டிய கேள்வி இப்போது உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, சாதுவாகத் தெரியும் ஒரு வசனம்: "தொழில் சட்டங்கள் நவீனப்படுத்தப்படும்." இதை வெட்டாமல் விடுங்கள், இது வெற்று வசனம் இல்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். முதலாளிமார் பல காலமாகத் தளர்த்தக் கேட்பது இதைத்தான். 2023இல் பழைய தொழில் சட்டங்களை ஒன்றாக்கப் புதுச் சட்டமொன்றை முன்மொழிந்தபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்ததற்கும் இப்படியான பாதுகாப்புகள் போய்விடும் என்ற பயம்தான் காரணம். ஆகவே நவீனம் என்று சொல்பவரிடம், 71ஆம் ஆண்டுச் சட்டத்தை என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள். முகத்திலேயே பதில் தெரியும்.

ஊழியர் சேமலாப நிதியையும் விடாதீர்கள். மாதா மாதம் உங்களிடமிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் அங்கே போகிறது. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் திறைசேரி முறிகளை (அரசாங்கம் கடன் வாங்கக் கொடுக்கும் பத்திரங்களை) மாற்றிக் கொடுத்தது இந்த நிதியும் இதைப் போன்ற ஓய்வூதிய நிதிகளும்தான், வங்கிகளின் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. அதைப் பற்றி வேட்பாளர் அப்போது என்ன சொன்னார்? வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் சேமலாப நிதிச் சட்டத்துக்குள்ளேயே வருவதில்லை, சாப்பாடு கொண்டுவந்து தரும் பைக் பெடியன்களையும் கம்பனிகள் ஊழியர் என்று எடுப்பதில்லை. விஞ்ஞாபனத்தில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். வாக்கு இருந்தும் சங்கம் இல்லாத ஆட்களை ஒரு கட்சி எப்படி நடத்துகிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

படி 5: கல்வி

இதில் ஒரு மந்திர எண் இருக்கிறது: மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம். 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் இதைக் கல்விக்கு ஒதுக்கக் கேட்டுப் பல வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிலிருந்து எல்லா நிறக் கட்சிகளும் மாறி மாறிச் சொல்லிவிட்டன, ஆறு மட்டும் வந்தபாடில்லை. 6 சதவீதம் என்று கண்டால் உடனே "எப்போதிருந்து" கட்டத்துக்குப் போங்கள். படிப்படியாக என்று எழுதியிருந்தால், முதல் வருடப் படி எவ்வளவு என்று கேளுங்கள். கல்விக்குப் போகும் காசில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும், ஆகவே கட்டிடத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஆசிரியர் அதிபர் சம்பள முரண்பாடு, அதாவது ஒத்த தரத்து மற்ற அரச ஊழியரைவிடச் சம்பளம் குறைவு என்ற பிரச்சினை, இன்னொரு நல்ல அளவுகோல். 2021இல் ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை ஆசிரியர்கள் ஒன்லைன் கற்பித்தலை நிறுத்தினார்கள், 2022 ஜனவரியில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. மிச்ச இரண்டு பங்குக்கும் தொகையும் திகதியும் சொல்பவர் ஒரு வகை, "முரண்பாடு தீர்க்கப்படும்" என்று மட்டும் சொல்பவர் இன்னொரு வகை.

கொழும்புத் தமிழ்ப் பெற்றோருக்கு என் பங்குக்கு ஒரு கேள்வி: தமிழ்மொழிமூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடங்களை யார், எந்த மாகாண ஆட்சேர்ப்பு மூலம் நிரப்பப்போகிறார்? படி 1இல் கேட்டுவைத்த பாடசாலை வகை இங்கேதான் உதவும். மாகாணப் பாடசாலைக்கு ஆசிரியர் தருவேன் என்று பாராளுமன்ற வேட்பாளர் சொன்னால், வழி எது என்று கேட்கலாம்.

படி 6: பாதீடு

இப்போது நான்கு கட்டத்தில் எழுதிய எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சம்பளம் கூடும், 6 சதவீதம் கல்விக்கு, வரி குறையும் என்று மூன்றும் ஒரே விஞ்ஞாபனத்தில் இருந்தால் கணக்கு உதைக்கும். ஏன் உதைக்கும் என்றால், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஏறக்குறைய 3 பில்லியன் டொலருக்குச் செய்த உடன்பாட்டின்படி, 2025இலிருந்து வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அரசாங்கத்தின் வரவு, செலவைவிட மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். அதற்கு மேல் 2024இன் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி தவிர்ந்த செலவை உற்பத்தியில் 13 சதவீதத்துக்குள் நிற்கச் சொல்கிறது. இந்த வேலிக்குள் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்கத்தான் வேண்டும். எதைக் குறைப்பீர்கள் என்று சொல்லாத வேட்பாளர் பாதிப் பாதீட்டைத்தான் காட்டுகிறார். வேலியையே உடைப்பேன் என்பவர் இருந்தால் அதுவும் ஒரு கொள்கைதான், ஆனால் அதன் பிறகு கடனை யாரிடம் வாங்குவது என்று அவர் சொல்ல வேண்டும்.

வரியில் இரண்டு எண்களை மனதில் வையுங்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம், கோடீஸ்வரரும் மூட்டை தூக்கும் நாட்டாமியும் ஒரே வீதம் கட்டுகிறார்கள். வருமான வரி 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாய்க்கு மேல்தான் தொடங்குகிறது, முன்பு 100,000. வரியைக் குறைப்பேன் என்பவர் இரண்டில் எதைச் சொல்கிறார்? முதலாவது குறைந்தால் கடைச் சிட்டையில் தெரியும், இரண்டாவது குறைந்தால் நல்ல சம்பளக்காரருக்குத்தான் தெரியும்.

வாக்குறுதியை நிறைவேற்றினாரா என்று மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு 2019ஐ விட நல்ல உதாரணம் இல்லை. ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ தரப்பினர் வரியைக் குறைப்போம் என்றார்கள், வென்ற கையோடு டிசம்பரிலேயே பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதத்துக்கு இறக்கினார்கள், சொன்னதைச் செய்தார்கள். 2021இல் அரச வருமானம் உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தினோம். கொரோனாவும் மற்றக் காரணங்களும் இருந்தன, ஆனால் ஓட்டையை நாமே போட்டதும் உண்மை.

படி 7: நேரில் கேட்பது

தேர்தல் நெருங்கினால் ஒழுங்கைக்குள் பொக்கட் மீட்டிங் வைப்பார்கள். கொப்பியோடு போங்கள். கேள்வியை ஒன்றோ இரண்டோடு நிறுத்துங்கள், நீளமாகக் கேட்டால் நீளமாகத் தப்பிவிடுவார்கள். "அண்ணை, நீங்கள் சொன்ன சம்பள உயர்வு முதலாளி கொடுப்பதா, அரசாங்கம் கொடுப்பதா, எந்த மாதத்திலிருந்து?" இவ்வளவுதான். ஏற்கனவே எம்.பி.யாக இருந்தவர் என்றால், போன பாதீட்டு வாக்கெடுப்பில் ஆதரவா, எதிர்ப்பா, ஆளே சபையில் இல்லையா என்று ஹன்சாட்டில் பார்த்துவிட்டுப் போய்க் கேளுங்கள்.

பாராளுமன்றத் தேர்தல் என்றால் கட்சிக்குப் போட்ட பிறகு, அதே கட்சியில் மூன்று வேட்பாளர்கள் வரை விருப்பு வாக்குப் போடலாம். கொப்பி வேலையின் பலன் வருவது அங்கேதான். வாக்குச் சீட்டில் வேட்பாளரின் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான், உள்ளே போனை எடுத்துப் பார்க்கவும் விடமாட்டார்கள். மூன்று இலக்கத்தையும் வீட்டிலேயே பாடமாக்கிக்கொண்டு போங்கள்.