பழைய கார்க் கதவில் டோர் போட்டும் கைதாங்கியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற கார்களுள் தொழிற்சாலையில் பூட்டிய டோர் போட்டோடு, அதாவது கதவின் உட்புறத்தை மூடும் பலகையோடு, இருப்பவை மிகச் சிலவே. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடி, கையில் கிடைத்த பலகையையும் ஆணியையும் கொண்டு திருத்தப்பட்டு வந்த வண்டிகள் இவை. ஆகவே, கழற்றிய பலகையை அப்படியே அச்சாக வைத்துப் புதியதை வெட்டிவிட்டால், முன்னர் யாரோ விட்ட பிழையும் அதனோடு சேர்ந்தே வந்துவிடும். அதிலும் பலகையாகப் பூட்டியிருக்கும் பழைய ஹாட்போட்டின் (மரநாரை அழுத்திச் செய்த மெல்லிய அட்டை) கீழ் விளிம்பு பெரும்பாலும் ஈரத்தில் ஊறி, புத்தகத் தாள்கள்போல் பிரிந்து வீங்கியிருக்கும். அந்த விளிம்பை ஒட்டிக் கோடு கீறாமல், கதவின் இரும்பிலேயே அளவெடுத்து, இடக் கதவுக்கு உரியது எது, வலக் கதவுக்கு உரியது எது என்று பின்புறத்தில் எழுதிக்கொண்டு வெட்டுவதே சரி.

அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் புதுப் பலகையைப் பூட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மழைநீர் கதவுக்குள் இறங்காமல் எந்தப் பழைய காரிலும் தடுக்க முடியாது; கண்ணாடியின் வெளிப்புறத்தே வழியும் நீர், காய்ந்து சுருங்கிப்போன றப்பர் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கி, கதவின் அடியிலுள்ள துவாரங்கள் வழியாக வெளியேற வேண்டும் என்பதே அதன் அமைப்பு. அத்துவாரங்கள் மண்ணும் கறளும் அடைத்துக் கிடந்தால், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கதவைச் சாத்தும்போது உள்ளே தண்ணீர் சலசலக்கும். ஓர் ஈர்க்கால் குத்திவிட்டாலே பல கதவுகளில் அடைப்பு நீங்கிவிடும். அடுத்து, இரும்புக்கும் பலகைக்கும் இடையில் தடித்த பொலித்தீன் தாள் ஒன்று இருந்தாக வேண்டும். அது தேவையில்லை என்று கருதுவோர் ஒருபுறமிருக்க, ஒட்டுபவர்களும் அதன் கீழ் ஓரத்தைப் பலகைக்குப் பின்னால் வெறுமனே தொங்கவிட்டுவிடுகிறார்கள். ஓரத்தைக் கதவின் உட்குழிக்குள் மடித்துச் செருகினால்தான் தாளில் வழியும் நீர் உள்ளே விழுந்து அடித்துவாரத்துக்குப் போகும். இல்லையேல் அதே நீர் பலகையின் அடிவிளிம்பில் போய்த் தேங்கும்.

ஹாட்போட் உறுதியற்றது என்று எண்ணிச் சிலர் 6 மில்லிமீற்றர் பிளைவூட்டுக்கு மாறுகிறார்கள். இக்கார்களில் பலகையைக் கதவோடு பிடிக்கும் கிளிப்புகள் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்புக்கென்று அமைந்தவை. பலகை தடித்தால் கிளிப் துளையின் உள்விளிம்பைப் பற்றாது, கண்ணாடியை ஏற்றி இறக்கச் சுற்றும் ஷட்டர் கைபிடியும் தன் அச்சில் முழுமையாக அமராது. பழைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில், கைபிடியின் அடியிலுள்ள வட்டத் தகட்டை ஸ்பிரிங்குக்கு எதிராக உள்ளே அழுத்தினால் தெரியும் சிறு முளையொன்றே கைபிடியைப் பிடித்திருக்கிறது. தடித்த பலகையில் அந்த முளையின் துளைகள் நேர்க்கோட்டில் வரா. சுத்தியலால் தட்டிச் சரிசெய்ய முயன்றால் உடைவது ஷட்டர் இயந்திரம். மெல்லிய பலகையையே எடுத்து, இரு முகங்களுக்கும் வெட்டு விளிம்புகளுக்கும் வாணிஷ் பூசி நன்றாக உலர்த்திக்கொள்வது போதுமானது.

றெக்சின் ஒட்டுவதைக் குஷன் வேலைக்காரரிடம் விட்டுவிடலாம். வெயிலில் பூட்டிக் கிடக்கும் காரின் சூட்டைத் தாங்கும் பசையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கைபிடிக்கான துளைகளை அவர் முன்கூட்டியே வெட்டிவிடாதபடி பார்த்துக்கொள்வதும் நல்லது. பலகையைக் கதவில் வைத்து, அச்சு முட்டும் இடத்தை விரலால் தடவிப் பார்த்து, வட்டத் தகட்டுக்குள் மறையும் அளவுக்குச் சிறிதாக வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டிய துளையை மறைக்க வழியில்லை.

கைதாங்கியை ஓர் அலங்காரப் பொருளாகக் கருதுவோர் அதைப் பலகையில் மட்டும் திருகிவிடுகிறார்கள். உண்மையில் உள்ளே ஏறியவர் கதவை இழுத்துச் சாத்துவது அதைப் பிடித்துத்தான். அந்த இழுவை முழுவதும் இரும்பிலேயே இறங்க வேண்டும். இரும்பிலுள்ள துளை தேய்ந்திருந்தால், அடுத்த பருமனிலுள்ள திருகாணியை ஏற்றுவது இங்கே வழமை. அது சில காலம் நிற்கும். பின்னர் துளை மேலும் கிழியும், அடுத்த முறை அதைவிடப் பருத்த ஆணி தேவைப்படும். தகட்டு விளிம்பில் செருகும் ஸ்பிரிங் நட்டையோ, உட்புறம் சிறு இரும்புப் பட்டையொன்றையோ வைத்துத் திருகுவதே நிலையான வழி. ஆணியின் நீளம் இன்னொரு பொறி. கண்ணாடி மேலே நிற்கையில் தடையின்றி ஏறும் நீண்ட ஆணி, கண்ணாடியை இறக்கும்போது அதன் முகத்தைக் கீறும், சில வேளை உடைத்தே விடும். கண்ணாடியை முழுதாக இறக்கி வைத்து, தகட்டுக்கும் அதற்கும் இடையிலுள்ள வெளியை ஓர் ஈர்க்கால் அளந்த பின்னரே ஆணியைத் தெரிவு செய்யுங்கள். கடற்காற்றுப் படும் ஊர்களில் கறள் பிடிக்காத உருக்கு ஆணிகளே உகந்தவை. புரியில் சிறிது கிறீஸ் தடவினால் பின்னர் கழற்றுவதும் எளிது.

கைதாங்கியின் இடத்தைக் குறிக்குமுன் ஷட்டர் கைபிடியை மாட்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அரை அங்குலம் பிசகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் விரல் மொளி கைதாங்கியில் இடிபடும். அப்போது இடத்தை மாற்றினால் பழைய துளை புது றெக்சினில் வாய் திறந்தபடி இருக்கும்.