டைனமோவைக் கழற்றும் முன்: பழைய பிரிட்டிஷ் காரில் சார்ஜிங் கோளாறு பார்க்கும் முறை

மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் காரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்றால், இன்ஜினால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் டைனமோவை உடனே கழற்றிக் காயில் கட்டக் கொடுத்துவிட வேண்டாம். புதுச்சேரி, கடலூர் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று முதலில் அரிப்பது வெளியே தெரியும் இணைப்புகளைத்தான். ஆகவே பேட்டரி முனைகளையும், பாடிக்கும் இன்ஜினுக்கும் செல்லும் எர்த் பட்டைகளையும் (மின்சாரம் கார் உடல் வழியே திரும்பும் இணைப்புகள்) பளபளக்கும்வரை சுரண்டி இறுக்கிய பிறகே மற்றவற்றைப் பார்க்க வேண்டும். டைனமோவைச் சுழற்றும் ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தொய்வது போதும்.

இக்கார்களில் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த் என்பதால், மீட்டரை இணைக்கும்போது அதை மறக்கலாகாது.

தீர்ப்புச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. இக்கார்களில் உள்ள லூகாஸ் நிறுவன டைனமோவின் பெரிய முனையான 'டி', சிறிய முனையான 'எஃப்' ஆகிய இரண்டிலிருந்தும் ஒயர்களைக் கழற்றிவிட்டு, அம்முனைகளை ஒரு துண்டு ஒயரால் ஒன்றாக இணைத்து, அந்த இணைப்புக்கும் டைனமோ உடலுக்கும் இடையே வோல்ட் மீட்டரை வைத்து, இன்ஜின் வேகத்தை மெல்ல உயர்த்த வேண்டும். வோல்டேஜ் தடுமாறாமல் விரைந்து ஏறினால் டைனமோ நலமாக இருக்கிறது. 20 வோல்ட்டுக்கு மேல் போகவிடக் கூடாது. அரை முதல் ஒரு வோல்ட்டிலேயே நின்றால் ஃபீல்டு காயிலையும் (அசையாமல் நின்று காந்தப்புலம் தரும் சுருள்), 4 அல்லது 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரையும் (உள்ளே சுழலும் பகுதி) சந்தேகிக்கலாம். மீட்டர் அசையவே இல்லையென்றால் கார்பன் பிரஷ் சிக்கியிருக்கிறதா, பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரில் கரி படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல நேரங்களில் செலவு அதோடு முடிந்துவிடும்.

டைனமோ நலம் என்று தெரிந்தபின், துண்டு ஒயரை அப்படியே விட்டு ஒயர்களை டைனமோவில் மீண்டும் மாட்டி, அவற்றின் மறுமுனைகளைக் கட்-அவுட் பெட்டியில் (டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் கட்-அவுட்டும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் உள்ள பெட்டி) கழற்றி, அதுவரை அதே வோல்டேஜ் வந்து சேர்கிறதா என்று ஒவ்வொரு ஒயராகச் சோதித்துவிட்டுத் துண்டு ஒயரை அகற்றி, ஒயர்களைப் பெட்டியில் மாட்ட வேண்டும். வந்து சேர்ந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால் கோளாறு பெட்டிக்குள்ளேதான். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பாயிண்டுகளை (ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் கடத்தும் முனைகளை) மெல்லிய உப்புத்தாளால் துடைக்கலாம். கட்-அவுட் பாயிண்ட் 12.7 முதல் 13.3 வோல்ட்டுக்குள் மூட வேண்டும். இன்ஜின் நின்றிருக்கையில் அதைக் கையால் அழுத்தி மூடவே கூடாது. பேட்டரியின் மின்சாரம் முழுவதும் டைனமோவுக்குள் பாய்ந்து காயிலைக் கருக்கிவிடும். ரெகுலேட்டர் திருகைத் தொடுவது, மற்ற அனைத்தும் சரி என்று உறுதியான பிறகு மட்டுமே செய்யத்தக்கது.