கிரியாட்டினின் நார்மலா? ஃபைலை உடனே பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள்

ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு வந்து, அது ஹெச்.யு.எஸ். என்ற, ரத்த அணுக்கள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும் நோய் வரை போய், டயாலிசிஸெல்லாம் செய்து பிள்ளை பிழைத்து வந்தால் காரைக்குடிப் பக்கம் முதலில் பிள்ளையார்பட்டிக்குத்தான் போவோம். போகலாம். ஆனால் கடைசி ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) நார்மல் என்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு.

ஈ.கோலை என்ற கிருமியில் ஒரு வகையும், ஷிகெல்லா என்ற கிருமியில் ஒரு வகையும் விடுகிற நச்சு சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்து, வடிகட்டிகளில் ஒரு பகுதியையே அழித்துவிடலாம். மிச்சமிருப்பவை அந்த வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வதால் கிரியாட்டினின் சரியாகவே தெரியும், ஆனால் வருஷக்கணக்கில் அப்படி உழைத்தால் அவையும் தேயத் தொடங்கும். அப்போது முதலில் காட்டிக்கொடுப்பது சிறுநீரில் கசியும் புரதமும் ஏறுகிற பிரஷரும்தான், இரண்டுமே பிள்ளைக்கு வலிக்காது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வந்த கணக்குப்படி, பிழைத்தவர்களில் சுமார் 25 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சிறுநீரகப் பாதிப்பு பின்னாளில் இருந்தது. அதனால் குறைந்தது 5 வருஷமாவது ஆண்டுக்கு ஒருமுறை பிரஷர், காலையில் முதலில் போகும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் மூன்றையும் பார்க்க வேண்டும். பல நாள் சிறுநீரே போகாமல் கிடந்த பிள்ளை என்றால் இன்னும் கவனம்.

பிரஷர் பார்ப்பதிலும் ஒரு கோளாறு நடக்கிறது. பெரியவர்களுக்கான பட்டையைச் சின்னக் கையில் சுற்றினால் அளவு குறைவாகக் காட்டும். 120/80 என்றால் நமக்குச் சரி, 5 வயதுப் பிள்ளைக்கு அது அதிகம்.

காய்ச்சல், உடம்புவலி என்று மெடிக்கலில் கேட்டு ஐபுபுரூஃபென், மெஃபனமிக் ஆசிட் வாங்கி ஊற்றாதீர்கள். எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். கிட்னியைச் சுத்தம் செய்யும் என்று யாராவது பஸ்பம் கொண்டு வந்தால் அதையும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள், எத்தனை நெருங்கிய சொந்தமானாலும் சரி.

சாப்பாட்டில் இரண்டு பக்கமும் தப்பு செய்கிறோம். அப்பத்தா ஆசையாகப் பொரித்துத் தரும் உப்புக்கண்டம், மோர் மிளகாய், அப்பளம் எல்லாம் உப்பு மூட்டை, பிரஷர் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது. இன்னொரு வீட்டில் பயந்துபோய் முட்டை, பருப்பைக்கூட நிறுத்திவிடுகிறார்கள், வளர்கிற பிள்ளைக்குப் புரதத்தை மருத்துவர் சொல்லாமல் குறைக்கக் கூடாது.

அப்புறம் கோலா உருண்டை. கொத்தும்போது கறியின் மேலே இருக்கும் ஈ.கோலை மாதிரிக் கிருமி உள்ளே வரை கலந்துவிடும், எண்ணெயில் வெளியே சிவந்ததும் எடுத்தால் நடுவில் வேகாமலிருக்கலாம். ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். பச்சைக் கறி அரைத்த அம்மியிலேயே கழுவாமல் சட்னி அரைக்கிற வேலையும் வேண்டாம்.

பிள்ளை வளர்ந்து ஹாஸ்டலுக்குப் போனால் அந்த ஃபைலின் நகலும் கூடவே போகட்டும். பெண்பிள்ளை என்றால் பின்னாளில் கர்ப்பமாகும்போது சிறுவயதில் இது வந்திருந்ததை மருத்துவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும், கல்யாணப் பேச்சில் மறைக்கிற விஷயம் இல்லை இது.