லெகோ டெக்னிக்கில் சொந்தமாக ஒரு ஜீப்: சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

லெகோ டெக்னிக் என்பது கியர், ஆக்சில், ஓட்டை போட்ட துண்டுகளைக் கோத்து வேலை செய்யும் வண்டிகள் கட்டும் லெகோ வரிசை. அந்தச் செட்டோடு வரும் புத்தகத்தைப் பார்த்து நாலைந்து வண்டி கட்டியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, புத்தகமே இல்லாமல் ஒன்று கட்ட வேண்டும் என்பதுதான். பலரும் பானெட், கதவு என்று வெளித்தோற்றத்தில் ஆரம்பித்து, அழகாக ஒரு கூடு செய்துவிட்டு, அப்புறம் அதற்குள் ஸ்டியரிங்கை வைக்க இடம் தேடுவார்கள். இடம் இருக்காது. முதலில் சக்கரம், அடுத்து உள்ளே ஓடும் பாகங்கள், உடம்பு கடைசியில். 1977-இல் டெக்னிக் வரிசையில் வந்த முதல் காரே உடம்பு இல்லாத வெறும் சேஸிஸ்தான் (அடிச்சட்டம்), ஸ்டியரிங்கும் பிஸ்டனும் கண்ணெதிரே வேலை செய்யும்.

முதல் வண்டிக்கு நான் சொல்வது வில்லிஸ் ராணுவ ஜீப். 1947-இல் மஹிந்திரா நம் நாட்டில் பூட்டத் தொடங்கியது இந்தக் குடும்பத்து வண்டியைத்தான். தட்டையான உடம்பு, வளைவு குறைவு, கூரை இல்லாமலே விடலாம்.

சரி, அளவுக்கு வருவோம். நிஜ ஜீப்பில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே 80 அங்குலம், டயரின் குறுக்களவு ஏறக்குறைய 28 அங்குலம். உங்கள் கையில் இருப்பது 43.2 மி.மீ. டயர் என்று வைத்துக்கொள்வோம் (டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும்). 80-ஐ 28-ஆல் வகுத்து 43.2-ஆல் பெருக்கினால் சுமார் 123 மி.மீ. டெக்னிக்கில் ஓட்டைக்கு ஓட்டை 8 மி.மீ., ஆகவே 15 ஓட்டைத் தூரம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: 15 ஓட்டை பீமில் (வரிசையாக ஓட்டை உள்ள நீளத் துண்டு) முதல் ஓட்டைக்கும் கடைசி ஓட்டைக்கும் நடுவே இருப்பது 14 தூரம்தான். அகலத்தையும் இதே மாதிரி போட்டால் 12 வரும். ஆனால் ஸ்டியரிங்கும் டிஃபரன்ஷியலும் (இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) சரியாக நடுவில் உட்கார வேண்டும், நீளமான பீம்களும் 7, 9, 11, 13, 15 என்று ஒற்றைப்படையில்தான் வருகின்றன, அதனால் 13 எடுங்கள். ஜீப் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தால் பரவாயில்லை, உள்ளே இடம் கிடைக்கும்.

கியருக்கு ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் போதும். இரண்டு கியரின் பற்களைக் கூட்டி 16-ஆல் வகுத்தால், அவற்றின் ஆக்சில்கள் எத்தனை ஓட்டை தள்ளி இருக்க வேண்டும் என்று வந்துவிடும். 8-உம் 24-உம் 32, ஆக இரண்டு. 24-உம் 40-உம் என்றால் நான்கு. 8-உம் 16-உம் போட்டால் ஒன்றரை வரும், நேர்பீமில் அது ஓட்டையில் விழாது.

பின் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் வையுங்கள். அது இல்லாமல் இரண்டு சக்கரத்தையும் ஒரே ஆக்சிலில் கோத்தால், வளைவில் ஏதாவது ஒன்று தரையில் இழுபடும். 28 பல் டிஃபரன்ஷியலோடு 12 பல் கியரைச் செங்குத்தாகச் சேர்த்து, அதிலிருந்து ஒரு ஆக்சிலை முன்னால் குட்டி எஞ்சினுக்குக் கொண்டுபோனால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது எஞ்சின் இரண்டே கால் சுற்றுக்கு மேல் சுற்றும். கையால் தள்ளும்போது பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே இதைச் செய்யலாம்.

இப்போது ஒரு சோதனை. ஒரு கையால் பின் சக்கரங்கள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்த நீள ஆக்சிலைத் திருப்புங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் பல் தாவுகிறது, அதாவது இரண்டு கியரும் ஒன்றையொன்று தள்ளி விலகுகின்றன. கியரைச் சத்தம் நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை, நான் அப்படி ஒரு மாலை முழுக்கச் செய்திருக்கிறேன். கோளாறு சட்டத்தில். 12 பல் கியருக்குப் பக்கத்திலேயே ஆக்சிலைத் தாங்க ஒரு பீம் வேண்டும், கியர் பின்னால் நகராமல் ஒரு புஷ் (ஆக்சிலில் மாட்டும் சிறு வளையம்) வேண்டும், அந்தப் பீமும் டிஃபரன்ஷியலைத் தாங்கும் பீமும் குறுக்கே கட்டப்பட்டிருக்க வேண்டும். பிறகு பிடித்துத் திருப்பிப் பாருங்கள், ஆக்சில் லேசாக முறுக்கும், பல் தாவாது.

முன்னால் ஸ்டியரிங்குக்கு ஒரு பல் பட்டை, அதை நகர்த்த 8 பல் கியர். சக்கரம் திரும்பும் மூட்டுகளில் சாம்பல் நிறப் பின் (ஓட்டைகளை இணைக்கும் சிறு முளை) போடுங்கள், கறுப்புப் பின் இறுக்கிப் பிடிக்கும் வகை, அது சட்டத்துக்கு.

லெகோ வண்டியைக் கணினித் திரையில் கட்டிப் பார்க்க உதவும் பிரிக்லிங்கின் ஸ்டுடியோ மென்பொருள் இலவசம், கையில் இல்லாத பாகத்தையும் அதில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் திரையில் எதுவும் தளராது, வளையாது. அதனால் சேஸிஸை மட்டும் கையில் கட்டித் தரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, உடம்பைத் திரையில் வரையுங்கள். ராணுவ ஜீப்பின் கிரில்லில் 9 பிளவு, பின்னால் பொதுமக்களுக்காக வந்த சிஜே வகை ஜீப்பில் 7. எது வேண்டும் என்பதை அப்போது முடிவு செய்தால் போதும்.