பைக் கிளப் தொடர்கள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் எஃப்எக்ஸ் சேனலில் 2008 முதல் 2014 வரை ஏழு சீசன் ஓடியது ‘சன்ஸ் ஆஃப் அனார்க்கி’. அதன் கிளைத் தொடராக 2018இல் ‘மாயன்ஸ் எம்.சி.’ தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் 2012இல் ‘பைக்கி வார்ஸ்’ ஒளிபரப்பானது. சட்டத்தை மதிக்காத மோட்டார் சைக்கிள் கிளப்புகள் என்றதும் இன்று பலர் மனதில் எழும் படம் இவற்றிலிருந்து வந்ததுதான்.

இதெல்லாம் எவ்வளவு நிஜம் என்று கேட்டால், அப்படியே நிஜம் என்பார்கள், இல்லையென்றால் எல்லாம் கட்டுக்கதை என்பார்கள். இரண்டும் பிசகு. உடுப்பு, சடங்கு, பதவி, மேஜையைச் சுற்றி நடக்கும் ஓட்டெடுப்பு ஆகியவற்றை இத்தொடர்கள் வியக்கும்படி சரியாகக் காட்டுகின்றன. எத்தனை பேர் சாகிறார்கள், போலீஸ் எப்படிப் பிடிக்கிறது, வழக்கு எத்தனை வருடம் இழுக்கிறது என்ற இடங்களில்தான் கை தாராளமாகிவிடுகிறது. முன்னது சரியாக இருப்பதைப் பார்த்துப் பின்னதையும் நம்பிவிடுவதே பார்வையாளர் செய்யும் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

உடுப்பைப் பார்த்துக் கதையை நம்புவது

‘சன்ஸ் ஆஃப் அனார்க்கி’யில் ஹேப்பி என்ற பாத்திரத்தில் வரும் டேவிட் லப்ராவா, ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கிளப்பின் ஓக்லாண்ட் கிளையில் உறுப்பினராக இருந்தவர். முதலில் தொழில்நுட்ப ஆலோசகராகத்தான் தொடருக்குள் வந்தார். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸின் மிகப் பிரபலமான முகமான சன்னி பார்ஜரும் சில காட்சிகளில் தோன்றுகிறார். உள்ளே இருந்தவர்கள் பக்கத்தில் நின்று பார்த்ததால் வெளித்தோற்றத்தில் குறை சொல்ல அதிகமில்லை.

கையில்லாத ஜாக்கெட்டின் முதுகைக் கவனியுங்கள். மேலே வளைவாகக் கிளப்பின் பெயர், நடுவில் சின்னம், கீழே வளைவாக ஆளும் பகுதி, ஓரத்தில் ‘எம்.சி.’ (மோட்டார் சைக்கிள் கிளப்) என்ற சிறு சதுரம். மூன்று துண்டாக இருக்கும் இந்த பேட்ச் நிஜ நடைமுறை. சட்டத்துக்கு அடங்காத கிளப் என்று தன்னைக் காட்டிக்கொள்ளும் ‘1%’ என்று எழுதிய சாய்சதுரத் துண்டும் நிஜம். முதலில் சும்மா கூட இருந்து பழக வேண்டும், பிறகு பிராஸ்பெக்ட், அதாவது சோதனைக் கால உறுப்பினர், ஆக வேண்டும், கடைசியில் உறுப்பினர்களின் ஓட்டில்தான் முழு பேட்ச் கிடைக்கும் என்பதும் அப்படியே. பிராஸ்பெக்ட் காலம் பெரும்பாலும் ஒரு வருடத்தை ஒட்டியோ அதற்கு மேலோ போகும். வண்டி கழுவுவது, காவல் நிற்பது, கூப்பிட்ட நேரத்துக்கு ஓடுவது எல்லாம் அவன் தலையில்தான். சிறிய கிளப்பை விழுங்கித் தன் பேட்ச்சைப் போட்டுவிடும் காட்சி முதல் சீசனில் வருகிறது. அதுவும் மிகையில்லை. 2000 டிசம்பர் 29 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இயங்கிய பல கிளப்புகளைச் சேர்ந்த 150க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆனார்கள்.

வெளியேற்றப்பட்ட ஒருவன் முதுகில் பச்சை குத்திய கிளப் சின்னத்தை அழிக்காமல் வைத்திருந்ததற்காக அவன் படும் பாடு முதல் சீசனின் கொடூரமான காட்சிகளில் ஒன்று. காட்டிய விதத்தில் நாடகம் கூடியிருக்கலாம். ஆனால் பேட்ச்சும் சின்னமும் கிளப்பின் சொத்து, போட்டிருப்பவனுடையது இல்லை என்ற அடிப்படை விதி உண்மை. ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் தன் சின்னத்தை வணிக முத்திரையாகப் பதிவுசெய்து வைத்திருக்கிறது. 2010இல் அலெக்சாண்டர் மெக்குயீன் ஃபேஷன் நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டது. தொடர்கள் கற்பனைக் கிளப்புகளை உருவாக்கிக்கொள்வதற்கு இப்படிப்பட்ட வழக்குகள் போதுமான காரணம்.

கூட்டத்துக்குப் போகும்போது கைபேசியை வெளியே வைத்துவிட்டுப் போவதும் சரியான விவரம். உள்ளே போன பிறகு பேசுவதுதான் சரியில்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இன்னாரைக் கொல்லலாமா என்று ஒவ்வொருவராக ஓட்டுப் போடுகிறார்கள். நிஜத்தில் இப்படி ஒரு ஓட்டெடுப்பு நடந்து, அறையில் ஒருவர் சட்டைக்குள் ஒலிப்பதிவுக் கருவி இருந்தால், அரசு வழக்கறிஞருக்கு வேறு சாட்சியமே தேவைப்படாது. கிளப் கூட்டத்தின் அன்றாட விஷயம் சந்தா பாக்கி, அபராதம், அடுத்த பயணத்தின் தேதி, கட்டட வாடகை, யாருடைய வண்டி ஓடவில்லை என்பவை. குற்றப் பேச்சு இரண்டு மூன்று பேருக்குள், பெரும்பாலும் நடந்துகொண்டே, அரைகுறை வார்த்தைகளில் முடியும். திரைக்கதைக்கு எல்லாரும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசும் காட்சி வேண்டும், அதனால் மேஜை.

பெண்கள் விஷயத்திலும் இப்படித்தான். இந்தக் கிளப்புகளில் பெண்ணுக்கு உறுப்பினர் இடம் கிடையாது. கிளப் விவகாரம் வீட்டில் பேசப்படுவதில்லை என்பது எழுதாத விதி. ‘சன்ஸ் ஆஃப் அனார்க்கி’யில் நாயகனின் தாய் ஜெம்மா நடத்தும் ராஜதந்திரம் ஹாம்லெட் நாடகத்தை அடியொற்றிய குடும்பக் கதையின் தேவை. அதை வைத்துக் கிளப்புகளில் பெண்களின் இடத்தை அளக்கக் கூடாது.

பிணக் கணக்கை உண்மை என்று எடுத்துக்கொள்வது

இங்கே கொஞ்சம் நின்று எண்களைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தொடர்கள் அதிகம் விலகுவது இதில்தான்.

வட அமெரிக்கா கண்ட மிக மோசமான கிளப் போர் கியூபெக்கில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸுக்கும் ராக் மெஷினுக்கும் நடந்தது. 1994 முதல் 2002 வரை, ஒரு பெரிய மாகாணம் முழுவதும் பரவி நடந்த அந்தப் போரில் 160க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1994 முதல் 1997 வரை டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து நாடுகளில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸும் பண்டிடோஸும் மோதிய போரில், ராணுவத்திலிருந்து திருடிய டாங்கி எதிர்ப்பு ஆயுதங்கள்கூடப் பயன்பட்டன. இறந்தவர்கள் 11 பேர். 2002 ஏப்ரலில் நெவாடாவின் லாஃப்லின் நகரச் சூதாட்ட விடுதியில் மங்கோல்ஸும் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸும் மோதியபோது 3 பேர். 2015 மே 17 அன்று டெக்சாஸின் வேகோ நகரில் நடந்த கிளப் மோதலில் 9 பேர்.

‘சன்ஸ் ஆஃப் அனார்க்கி’யின் நாயகன் ஜாக்ஸ் தன் கையால் கொல்பவர்களின் எண்ணிக்கை மட்டுமே அந்த ஸ்காண்டிநேவியப் போரின் மொத்த எண்ணிக்கையைத் தாண்டிவிடும். நடக்கும் இடமோ கலிபோர்னியாவின் ஒரு சிற்றூர். அத்தனை கொலைக்குப் பிறகும் மறுநாள் காலையில் கிளப்பின் மெக்கானிக் ஷெட் திறக்கிறது.

நிஜத்தில் ஒரு மரணம் என்ன செய்தது என்று பாருங்கள். 1995 ஆகஸ்டில் மாண்ட்ரியலில் கார் குண்டு வெடித்துச் சிதறிய துண்டு பட்டு டேனியல் தெரோஷே என்ற 11 வயதுச் சிறுவன் இறந்தான். மாகாணம் கொதித்தது. போலீஸ் தனிப்படை அமைத்தது. 1997இல் கனடா நாடாளுமன்றம் குற்றக் கும்பல்களுக்கு எதிராகப் புதிய சட்டமே கொண்டுவந்தது. 2001 மார்ச்சில் நடந்த பெரும் வேட்டையில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். அதனால் ஒரு காட்சியை எடைபோடும்போது, இப்படி ஒரு துப்பாக்கிச் சண்டை நடக்குமா என்று கேட்பதைவிட, நடந்த பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். அடுத்த எபிசோடில் அனைவரும் வெளியே சுற்றிக்கொண்டிருந்தால் அது கதை.

துப்பாக்கி வரும் திசை

தொடரில் கிளப்பின் வருமானம் அயர்லாந்தின் ஆயுதக் குழுவிடமிருந்து வரும் துப்பாக்கிகளை விற்பதில் இருக்கிறது. மூன்றாவது சீசன் பெல்ஃபாஸ்ட்டுக்கே போகிறது. வரலாற்றில் சரக்கு போன திசை நேர் எதிர். 1970களில் ஐரிஷ் குடியரசுப் படைக்கு ஆர்மலைட் துப்பாக்கிகள் அமெரிக்காவிலிருந்துதான் கடல் தாண்டிப் போயின. துப்பாக்கி எளிதில் கிடைக்கும் நாட்டுக்கு வெளியிலிருந்து துப்பாக்கி கடத்தி வருவதில் பொருள் இல்லை. அமெரிக்கக் கிளப் வழக்குகளில் அடிக்கடி வருவது மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருளின் விற்பனை, மிரட்டிப் பணம் பறித்தல், வண்டித் திருட்டு.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, கிளப் என்பது ஒரே கல்லாப்பெட்டி வைத்த நிறுவனம் என்று நினைப்பது. தொடரில் குற்றப் பணம் நேராக மேஜைக்கு வந்து பங்கு பிரிகிறது. நிஜத்தில் கிளப்பின் பொதுப் பணம் பெரும்பாலும் சந்தாதான். குற்றத்தை உறுப்பினர் தனியாகச் செய்தாரா, கிளப்பாகச் சேர்ந்து செய்தார்களா என்பதில்தான் நீதிமன்றங்களில் வருடக்கணக்காக வாதம் நடக்கிறது. 2005இல் ஒன்டாரியோவில் இரண்டு உறுப்பினர்கள் மீதான மிரட்டல் வழக்கில் நீதிபதி, ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஒரு குற்ற அமைப்பு என்று தீர்ப்பளித்தது அதனால்தான் அவ்வளவு பெரிய செய்தி ஆனது.

போலீஸையும் வழக்கையும் சினிமா வேகத்தில் புரிந்துகொள்வது

தொடரில் ஏடிஎஃப் (மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் குற்றங்களைக் கவனிக்கும் அமெரிக்கக் கூட்டாட்சி அமைப்பு) அதிகாரி என்றால் சதி செய்பவர், கொலைகூடச் செய்பவர். நிஜத்தில் அந்த அமைப்பு கிளப்புகளுக்குச் செய்தது இதைவிட மெதுவானது, அதிக வலிமையானது. 2005 முதல் 2008 வரை நடந்த ‘பிளாக் ரெய்ன்’ நடவடிக்கையில் நான்கு ஏடிஎஃப் அதிகாரிகள் மங்கோல்ஸ் கிளப்பில் சேர்ந்து, பிராஸ்பெக்ட் காலத்தைத் தாண்டி, முழு பேட்ச் வாங்கினார்கள். 2008 அக்டோபரில் 79 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது. பிறகு அரசு, கிளப்பின் சின்னத்தையே பறிமுதல் செய்யப் பார்த்தது. 2019இல் நடுவர் குழு சம்மதித்தும் நீதிபதி மறுத்துவிட்டார். பத்து வருடத்துக்கு மேல் இழுத்த கதை.

எல்லா வேட்டையும் வெற்றியில் முடிவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அரிசோனாவில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸுக்குள் ஊடுருவிய ‘பிளாக் பிஸ்கட்’ நடவடிக்கையில் 2003 டிசம்பரில் 16 பேர் மீது பெரிய குற்றச்சாட்டுகள் வந்தன. சாட்சியங்களைக் கையாண்டதில் ஏடிஎஃப்புக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கும் இடையே எழுந்த பிணக்கில் அவற்றில் பெரும்பகுதி 2006க்குள் கரைந்துபோனது. வேகோவில் 177 பேரைக் கைது செய்து ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் டாலர் ஜாமீன் வைத்தார்கள். 2019 ஏப்ரலில் மிச்சமிருந்த வழக்குகளும் கைவிடப்பட்டன. ஒருவருக்கும் தண்டனை இல்லை. 9 பேர் செத்த இடத்தில் இப்படி முடிந்தது என்பதைத் தொடராக எடுத்தால் நம்ப மாட்டார்கள்.

‘ரிக்கோ’ என்ற சொல்லைத் தொடர்கள் மந்திரம்போல் உச்சரிக்கின்றன. 1970இல் வந்த, குற்றக் கும்பல்களுக்கு எதிரான அந்த அமெரிக்கச் சட்டத்தின்கீழ் ஓர் அமைப்பு இருப்பதையும், பட்டியலிட்ட குற்றங்களில் குறைந்தது இரண்டு பத்து வருடத்துக்குள் நடந்து ஒரு தொடர்ச்சியாக அமைவதையும் நிரூபிக்க வேண்டும். ஒருவரைப் பிடித்ததும் கூட்டமே உள்ளே போய்விடாது. 1979இல் தொடங்கிய வழக்கில் பார்ஜர் மீதான ரிக்கோ குற்றச்சாட்டு நிற்கவில்லை.

தொடர்கள் கண்டுகொள்ளாமல் விடும் சின்னச் சட்டம் ஒன்று உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருந்தாலே அமெரிக்காவில் கூட்டாட்சிக் குற்றம். அதிகபட்சத் தண்டனை 10 வருடமாக இருந்தது, 2022இல் 15 ஆனது. பரோலில் இருப்பவர் மற்ற குற்றவாளிகளோடு பழகவும் வழக்கமாகத் தடை இருக்கும். ‘சன்ஸ்’ கூட்டத்தில் சிறை போகாதவர்கள் குறைவு. அத்தனை பேரும் இடுப்பில் துப்பாக்கியோடு ஒரே மேஜையில் உட்காருகிறார்கள். வழியில் வண்டியை நிறுத்தும் ஒரு ஹைவே போலீஸ்காரர் போதும், கதை முதல் சீசனிலேயே முடிந்துவிடும்.

வண்டிக் காட்சிகள்

பைக் ஓட்டத் தெரிந்த யாரும் இதைத் தாமே சரிபார்க்கலாம். ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் வலது கையில், கிளட்ச் இடது கையில். வலது கையால் துப்பாக்கியை எடுத்தால் ஆக்சிலரேட்டர் மூடிக்கொண்டு வண்டி வேகம் இழக்கும். தொடரில் வரும் ஹார்லி டைனா 300 கிலோவை நெருங்கும் வண்டி. ஒரு கையில் அதைப் பிடித்தபடி பின்னால் திரும்பிக் குறி பார்த்துச் சுடுவது நடக்காத காரியம். சுடும் பாத்திரம் எந்தக் கையால் சுடுகிறது என்று கவனியுங்கள், இயக்குநர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

அணிவகுப்பு நன்றாகவே இருக்கிறது: முன்னால் தலைவர், பதவி வரிசையில் மற்றவர்கள், கடைசியில் பிராஸ்பெக்ட். விடுபடுவது பெட்ரோல். டைனாவின் டேங்க் சுமார் 18 லிட்டர், பெட்டி வைத்த ஸ்ட்ரீட் கிளைடின் டேங்க் 22 லிட்டருக்கு மேல், சில ஸ்போர்ட்ஸ்டர்களில் 8 லிட்டர்தான். கூட்டத்தில் சிறிய டேங்க் யாருடையதோ, நிறுத்தும் இடத்தை அதுதான் முடிவு செய்யும். அந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே ரோடு கேப்டன் என்ற பதவி இருக்கிறது. திரையில் அவருக்கு வேலையே இல்லை.

‘உண்மைச் சம்பவம்’ என்ற பலகை

‘பைக்கி வார்ஸ்’ நிஜ நிகழ்வை எடுத்துக்கொண்டது. 1984 செப்டம்பர் 2 அன்று சிட்னியின் மில்பெராவில், ஒரு மதுவிடுதியின் வண்டி நிறுத்துமிடத்தில் கொமான்சரோ, பண்டிடோஸ் கிளப்புகள் மோதின. 7 பேர் இறந்தார்கள். ஆறு பேர் கிளப்காரர்கள், ஒருத்தி அங்கே இருந்த 14 வயதுச் சிறுமி. பெயர்களும் தேதியும் நிஜம் என்பதால் ஆறு எபிசோடில் வரும் ஒவ்வொரு உரையாடலும் நிஜமாகிவிடாது. மூடிய அறைக்குள் இருவர் பேசியது எழுத்தாளரின் ஊகம்.

2015இல் ஹிஸ்டரி சேனலில் வந்த ‘கேங்லேண்ட் அண்டர்கவர்’ வாகோஸ் (Vagos) என்ற கிளப்புக்குள் போன ஓர் உளவாளியின் அனுபவத்தை வைத்து எடுத்தது. அவர் போலீஸ் அதிகாரி அல்ல, போதைப்பொருள் வழக்கில் சிக்கித் தன் தண்டனையைக் குறைத்துக்கொள்ள உளவு சொல்லப் போனவர். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இப்படிப்பட்ட சாட்சியிடம் முதலில் கேட்பது, உனக்கு இதில் என்ன கிடைத்தது என்பதுதான். ‘உண்மைச் சம்பவம்’ என்று போட்ட எந்தத் தொடரைத் தொடங்கும்போதும் சொல்பவர் அதிகாரியா, உளவாளியா, முன்னாள் உறுப்பினரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வழக்கின் குற்றச்சாட்டு ஆவணத்தைத் தேடிப் படியுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சி வழக்குகளில் யார், எந்தத் தேதியில், எங்கே, என்ன செய்தார் என்று வரிசையாக எண்ணிட்டு வைத்திருப்பார்கள். பக்கம் பக்கமாகத் தொலைபேசிப் பேச்சும் சில கிராம் போதைப்பொருளும் அடிதடியும் வரும். தொடரில் ஒரு சீசன் முழுக்க ஓடும் சண்டை அதில் இரண்டு வரியாக இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது.